பேச்சுக்கு ஒரு பன்னாடை

ஏலே, இங்கன வா. அந்தப் போனைக் கீழ வையி. ஒரு மடக்குக் குடிக்கதுக்கு முன்னால எதுக்குலே அந்தப் பீரப் படம் புடிக்கே? தம்ளரு ஓடியா போவப் போவுது? ஓடுதது நுரைதான். நீ வெளிச்சம் பாத்து, சாச்சுப் பாத்து, நிமித்திப் பாத்து முடிக்கதுக்குள்ள அது அடங்கிரும். பொறவு "நுரை நிக்கல"ன்னு குத்தம் எழுதுவே. நீ இம்புட்டு நேரம் நின்னா அது எங்கலே நிக்கும்?

நான் பனையேறி. நாப்பது வருசம் ஏறி எறங்குன காலு இது. இப்பம் ஜெர்மனியில, எர்லாங்கன்னு ஒரு ஊர்ல, பேரன் வீட்டு சோபாவுல மடக்கி வச்சிருக்கேன். மூணு மாச விசா. பாளை சீவ மரமும் இல்ல, ஏச ஆளும் இல்ல. கண்ணால கண்டதச் சொல்லுதேன், கேட்டுக்கோ.

வந்த மொதச் சனிக்கெழமையே பேரன் என்னைய ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனான். கடைப் பேரு வேண்டாம், விடு. உள்ள ஒரே இருட்டு. அங்கங்க ஒத்தக் குண்டு பல்பு தொங்குது. செவுரு பூசல, செங்கலு பல்லக் காட்டுது. "பூச்சு வேலைக்குத் துட்டு பத்தலியோ"ன்னு கேட்டேன். "தாத்தா, அதுதான் ஸ்டைலு"ன்னான். அப்பம் நம்ம தெருவுல பாதி வீடு ஸ்டைலுதாம் போல. இது தெரியாம நாம கூச்சப்பட்டுட்டுக் கெடந்துருக்கோம்.

ஒரு பலகை வந்துச்சு. அதுல அஞ்சு குட்டித் தம்ளரு. கைப்பிள்ளைக்கு ஓமத்தண்ணி ஊத்துவாம்லா, அந்த அளவு. பேரன் ஒண்ண எடுத்தான். வெளக்குக்கு நேரத் தூக்கிப் பாத்தான். சுத்துனான். மூக்க உள்ள விட்டான். கண்ண மூடிட்டான். எனக்குப் பயம் வந்துட்டு, சோடாவுக்குச் சொல்லலாம்னு எந்திரிச்சேன். அப்பம் கண்ணத் தொறந்து ஒரு நோட்ட எடுத்து எழுதுதான்: ரொட்டி மேலோடு, பச்சப் புல்லு, காட்டுப்பூத் தேனு, வெள்ள மொளகு, எலுமிச்சத் தோலு, காஞ்ச வைக்கோலு, ஈர மண்ணு, பச்ச ஆப்பிளு, பிஸ்கட்டு. மொத்தம் ஒம்பது சாமான். "எலே, பலசரக்குக் கடைச் சிட்டை எல்லாம் சரி. இதுல பீரு எங்கலே?"ன்னு கேட்டேன். மொறச்சான்.

கடை வெலைச்சீட்ட வாங்கிப் பேரனையே வாசிக்கச் சொன்னேன். "வடிகட்டாத ஜெர்மன் லாகர், கைவினைத் தயாரிப்பு"ன்னு இருக்காம். வடிகட்டுனதுக்கு ஒரு வெல. வடிகட்டாததுக்கு அதுக்கு மேல ஒரு வெல. நீயே சொல்லு மக்கா. செய்யாம விட்ட வேலைக்குக் கூலி கூட்டிக் கேட்ட ஆள எங்கயாவது கண்டிருக்கியா? நான் கண்டிருக்கேன். மொதல்ல தவிட்ட உரிச்சி, "வெள்ள அரிசிதாம் ஒசத்தி"ன்னு நம்ம ஆத்தாமார நம்ப வச்சான் ஒருத்தன். பொறவு அதே தவிட்ட உரிக்காம விட்டுட்டு, கைக்குத்தல்னு பேரு வச்சி ரெண்டு மடங்குக்கு விக்கான். இந்தச் சீட்டு எழுதுனவன் அவனுக்குத் தம்பி.

சரி, சாமான் என்னன்னு தெரியாம நக்கலு பண்ணப்படாது. வெசாரிச்சேன்.

இதுக்குக் கெல்லர்பியர்னு பேரு. கெல்லர்னா நெலவறை. ஸ்விக்கல்பியர்னும் சொல்லுதானுவ. ஸ்விக்கல்ங்கது தொட்டியில இருக்க குட்டிக் கொழாயி. உள்ள இருக்கது பக்குவம் வந்துட்டான்னு காய்ச்சுதவன் அதத் தொறந்து ரெண்டு மடக்குப் பாப்பான். நம்ம வீட்டுல கொழம்பக் கரண்டியில எடுத்து உள்ளங்கையில விட்டுப் பாப்பாள்லா ஆத்தா, அது மாதிரி. அந்தக் கொழாயில வருதத அப்பிடியே ஊத்திக் குடுத்தா அதுதாம் ஸ்விக்கல்பியர்.

லாகர்னா என்ன? கெடப்புல போடுதது. இதுல வேல செய்யுத ஈஸ்டு அடியில படியுத சாதி. அவசரம் தெரியாத சாதி. 8-லேருந்து 12 டிகிரி குளுருல பைய வேல பாக்கும். பொறவு பூச்சியத்துப் பக்கத்துக் குளுருல வாரக்கணக்கா உறங்கும். உறங்குனா ஈஸ்டு முக்காவாசி தன்னால படிஞ்சிரும். மிச்சம் மீதி மெதக்கத சல்லடை போட்டு எடுத்தா கண்ணாடி மாதிரி பளபளன்னு வரும். எடுக்காம விட்டா லேசா ஒரு மங்கல் நிக்கும். மாசியில விடியக்காலம் கொளத்து மேல பனி நிக்குமே, அம்புட்டுதாம்.

இதுக்குப் போயி பிரமிக்கியே. நான் பொறந்ததுலேருந்து பாத்த மங்கலுலே இது. கள்ளு எந்தக் காலத்துலலே தெளிவா இருந்துச்சு? கலயத்த எறக்குனா உள்ள வண்டு கெடக்கும், தேனீ கெடக்கும், கட்டெறும்பு கெடக்கும், பாளைச் சீவலு கெடக்கும். பன்னாடைய வச்சி அரிப்போம். மட்டைக்கு அடியில வலை மாதிரி பின்னிக் கெடக்குமே, அதுதாம் பன்னாடை. நல்லதக் கீழ ஒழுக விட்டுட்டுக் குப்பையக் கெட்டியாப் புடிச்சிக்கிடும். வாத்தியாரு சொன்னதுல நல்லத விட்டுட்டு வேண்டாததப் புடிச்சிக்கிடுத பயல 'பன்னாடை'ன்னு ஏசுதது அதுனாலதாம். ஆனா அந்தப் பன்னாடைக்கும் ஒரு புத்தி உண்டு. வண்ட எடுக்கும். வெள்ளைய எடுக்காது. அந்த வெள்ளையிலதாம்லே கள்ளே இருக்கு.

1987-ல கள்ளுக்குத் தடை வந்துச்சு. பொறவு பதநீருதாம். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுனா புளிக்காது. ஈஸ்டு வாயத் தொறக்காது. நான் சுண்ணாம்பால அது வாய அடைச்சேன். இந்த ஊருக்காரன் குளுரால அதப் பையப் பேச வைக்கான். தொழிலு ஒண்ணுதாம், கேட்டியா.

இப்பம் ஒரு கேள்வி. வடிகட்டாதது அதிசயம்னா, வடிகட்டணும்னு மொதல்ல எவன்லே சொன்னான்?

வேற யாரு, கண்ணுதாம் சொல்லிச்சு. அந்தக் காலத்துல இவனுவ கல்லுச் சாடியில, மரத்துல, தகரச் சாடியில குடிச்சானுவ. உள்ள மங்கலா, தெளிவான்னு எவன் எட்டிப் பாத்தான்? பொறவு கண்ணாடித் தம்ளரு மலிவா வந்துச்சு. 1842-ல யோசேஃப் குரோல்னு ஒரு பவேரியாக்காரரு பொஹீமியாவுல பில்சன் ஊருக்குப் போயித் தங்க நெறத்துல ஒரு லாகர் காய்ச்சுனாரு. அத வெயிலுக்கு நேரத் தூக்கிப் பாத்த சனம் சொக்கிப் போச்சு. அதுலேருந்து நாக்குக்குக் கண்ணு மேஸ்திரி ஆயிட்டு. 1878-ல என்ட்சிங்கர்னு ஒருத்தரு பீரு வடிகட்ட மிசினே பண்ணிட்டாரு. தெளிவா இருந்தாத்தாம் பீருன்னு ஆச்சு. மங்கலா இருந்தா 'கெட்டுப் போச்சோ'ன்னு சந்தேகம். நூறு வருசத்துக்கு மேல எல்லாத்தையும் பளபளன்னு வடிச்சித் தள்ளிட்டு, இப்பம் "ஐயோ, அந்த மங்கல் போச்சே"ன்னு அழுவுதானுவ. பொண்டாட்டிய அவ ஆத்தா வீட்டுக்கு வெரட்டிட்டு, பொறவு தெருவுல நின்னு பாட்டுப் பாடுத கதைதாம்.

இந்தக் கூத்துல சேராத பயலுவளும் உண்டு. அவனுவளப் பாக்கத்தாம் அடுத்த வாரம் போனோம்.

எர்லாங்கன்லேருந்து ரயிலுல கொஞ்ச நேரம் போனா ஃபோர்க்ஹைம். ஊருக்கு வெளிய ஒரு குன்று, குன்று நெறைய மரம். அதுக்குக் கெல்லர்வால்ட்னு பேரு, நெலவறைக் காடு. இந்தப் பிராங்கோனியா வட்டாரத்துச் சனம் "கெல்லருக்குள்ள போவோம்"னு சொல்லாது. "கெல்லர் மேல போவோம்"னு சொல்லும். நெலவறைக்கு மேல எப்பிடிலே போறது, கோட்டிப் பயலுவளான்னு நெனச்சேன். போயிப் பாத்தா வெவரம் புரிஞ்சிச்சு. நெலவறை குன்றுக்குள்ள. பெஞ்சு அதுக்கு மேல, மரத்தடியில. சரியாத்தாம் சொல்லுதானுவ.

அதுக்கும் ஒரு கதை உண்டு. 1553-ல பவேரியா கோமகன், ஏப்ரல் 23-லேருந்து செப்டம்பர் 29 வரைக்கும் பீரு காய்ச்சப்படாதுன்னு உத்தரவு போட்டுட்டாரு. கோடையில காய்ச்சுனா கெட்டுப்போவுது, தீயும் புடிக்குது. சரி, கோடைக்கு என்ன செய்ய? பனிக்காலத்துலயே காய்ச்சி, குன்றக் கொடஞ்சி, பனிக்கட்டி வச்சி உள்ள போட்டானுவ. மேல வெயிலு படாம இருக்க அகல எலை உள்ள செஸ்ட்நட் மரம் நட்டானுவ. நெழலு வந்துச்சு. நெழலு வந்தா மனுசன் வருவாம்லா? பெஞ்சு வந்துச்சு. ஒருத்தனும் 'ஆம்பியன்ஸ்'னு திட்டம் போடல. பீரு கெடப்படாதேன்னு நட்ட மரத்தடியில ஊரே ஒக்காந்துட்டு.

ம்யூனிக் பக்கம் இன்னொண்ணு. 1812-ல ராசா உத்தரவு: நெலவறைக்காரன் அங்கனயே பீரு விக்கலாம், சாப்பாடு விக்கப்படாது. சத்திரக்காரன் பொழப்பு கெட்டுரும்லா. அதுனால சனம் வீட்டுலேருந்து கட்டிட்டு வந்துச்சு. தோட்டத்துல கட்டுச்சோறு அவுக்கது அங்க இன்னைக்கும் வழக்கம். இந்தப் பக்கமும் பல கெல்லர்ல கண்டுக்கிடமாட்டானுவ. நானும் புளிச்சோறும் பருப்புத் தொவையலும் கட்டிட்டுப் போனேன். பேரன் நெளிஞ்சான். பக்கத்து மேசைக்காரன் அவன் பாட்டுக்குப் பொட்டணத்த அவுத்து ரொட்டியும் முள்ளங்கியும் நறுக்குதான். நெளியதுக்கு என்னலே இருக்கு?

அந்த மனுசனுக்கு என் வயசு இருக்கும். "ஸைட்லா"ன்னு ஒத்தச் சொல்லு சொன்னாரு. இந்த ஊருல அர லிட்டருக்கு அதுதாம் பேரு. கல்லுச் சாடியில வந்துச்சு. அவரு வெளக்குக்கு நேரத் தூக்கிப் பாக்கல. சுத்தல. மூக்க விடல. குடிச்சாரு, வாயத் தொடச்சாரு, மரத்தப் பாத்துட்டு இருந்தாரு. ருசி எப்பிடின்னு கேக்கச் சொல்லிப் பேரனத் தள்ளிவிட்டேன். பேரனும் நோட்டப் பிரிச்சி வச்சிக்கிட்டுக் கேட்டான். "பஸ்ட் ஷோ"ன்னாரு. சரியாத்தாம் இருக்குன்னு அர்த்தமாம். அதுக்கு மேல பாராட்டே இந்த ஊரு பாசையில கெடையாதாம். எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. நம்மூருல சம்பந்தி வீட்டுப் பந்தியில வயிறு முட்டத் தின்னுட்டு "குத்தமில்ல"ன்னு சொல்லிட்டு எந்திரிப்பாம்லா, அதே ஆளு!

ஒம்பது சாமான் ரெண்டு சொல்லா ஆயிட்டா? இன்னும் கேளு. பாம்பெர்க் ஊருல மார்ஸ் ப்ராய்னு ஒரு பீரு ஆலை. அங்க வடிகட்டாத லாகர் ஒண்ணு உண்டு. பீப்பாய முழுசா இறுக்கி அடைக்காம, காத்தப் போவ விட்டுக் கெடப்புல போடுதது. அதுக்கு ஜெர்மன்ல 'உ'வுல ஆரம்பிக்க, வாய்க்குள்ள நொழையாத ஒரு பேரு. சனம் அதச் சுருக்கி 'ஊ'ன்னு கேக்கும். ஒரு ஊ. வந்துரும். நம்ம தமிழ்லயும் ஓரெழுத்துச் சொல்லு 42 உண்டு, 'ஊ'ன்னா எறச்சின்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாவ. ஒத்த எழுத்துல குடிக்கவும் கடிக்கவும் கேட்டாச்சு. வேற என்னலே வேணும்?

அந்தப் பக்கத்துல அவுஃப்செஸ்னு ஒரு ஊரு. ஆயிரத்துச் சொச்சம் சனம், நாலு ஆலை. தலைக்கு இத்தனை ஆலைன்னு கணக்குப் போட்டுக் கின்னஸ் புத்தகத்துலயே ஏத்திட்டானுவ. இவனுவ பாட்டன், பூட்டன் காலத்துலேருந்து சின்னதாத்தாம் காய்ச்சுதானுவ. 'கிராஃப்ட்'டுன்னு பலகை மாட்டணும்னு பூட்டனுக்குத் தோணல. பாவம், படிக்காதவன்.

ஃபோர்க்ஹைமுக்கும் பாம்பெர்க்குக்கும் நடுவுல பூட்டன்ஹைம். கெல்லர்பியருக்குப் பேரு போன ஊரு. 1829-ல லீவை ஸ்ட்ராஸ் பொறந்ததும் இங்கனதாம். ஆமா, நீ போட்டிருக்கியே ஜீன்ஸ், அதே லீவைதாம். அமெரிக்காவுக்குப் போயி, பாடுபடுதவனுக்குக் கிழியாத கால்சட்டை தச்சிக் குடுத்த மனுசன். நீ என்ன செய்யுதே? அதக் கிழிச்சி, கிழிசலுக்குக் கூடத் துட்டு குடுத்து வாங்கி மாட்டிட்டு, அவரு ஊரு பீரு மங்கலா இருக்குன்னு கூடத் துட்டு குடுக்கே. பூட்டன்ஹைமுக்கு ஒன்னால ரெண்டு பக்கமும் வருமானம்.

சட்டம் பேசுத பயலுவளும் உண்டு. "1516-ஆம் வருசத்துத் தூய்மைச் சட்டப்படி செஞ்சது"ன்னு சீட்டுல போடுவான். அந்தச் சட்டம் இங்கோல்ஸ்டாட்ல போட்டது. வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணி, இந்த மூணு போக எதுவும் சேக்கப்படாதுன்னு இருக்கு. நீ சீட்டுல கும்பிடுத ஈஸ்டு பேரு அதுல கெடையாது. அப்பமும் அது தன் வேலைய ஒழுங்காப் பாத்துச்சு. இன்னொண்ணு இருக்கு, அத எவனும் சீட்டுல போடமாட்டான். அதே சட்டம் வெலையும் வச்சிச்சு: பனிக்காலத்துல ஒரு சாடி ஒரு ஃபென்னிக், கோடையில ரெண்டு ஃபென்னிக்குக்கு மேல போவப்படாது. தூய்மைய மட்டும் எடுத்துக்கிட்டு வெலையக் கீழ விட்டுட்டான் பாரு. பன்னாடைன்னா இவந்தாம்லே அசல் பன்னாடை. ஆனா ஒண்ணு, பாம்பெர்க்காரன்கிட்ட இந்த 1516-அப் பேசாத. "எங்க ஆயரு 1489-லயே போட்டுட்டாரு"ம்பான். பொறவு உனக்கு ரயிலு தப்பிரும்.

சரி தாத்தா, நீரு குடிச்சீரே, உமக்கு எப்பிடி இருந்துச்சுன்னு கேப்பே. கேளு, சொல்லுதேன்.

மொத மடக்குல சுட்ட ரொட்டி மணம் வந்துச்சு. பொய் சொல்லப்படாது, பேரன் எழுதுன மொதச் சாமான் சரிதாம். அதுக்குப் பின்னால லேசா ஒரு புளிப்பு வாட, பழைய சோத்து நீத்தண்ணிய விடியக்காலம் தொறந்தா வருமே, அது. அது ஈஸ்டு. காத்து கம்மி, சுள்ளுன்னு மூக்குல ஏறல. வாயி நெறைய உருண்டு போச்சு. கடைசியில ஒரு கசப்பு. வேப்பம்பூ ரசக் கசப்பு. வந்துச்சு, வணக்கம் சொல்லிச்சு, போயிட்டு. திண்ணையில சம்மணம் போட்டு ஒக்காரல. அம்புட்டுதாம் என் வேதம். புளிச்சோத்துக்குப் பொருத்தமா இருந்துச்சு. பருப்புத் தொவையலுக்கு இன்னும் பொருத்தம்.

அந்த நோட்டு எழுதுதது மொத்தமும் வீணுன்னு சொல்லமாட்டேன். மூக்குக்கு ஒரு வேல உண்டு. கெட்டதக் கண்டுபுடிக்க. பச்ச ஆப்பிளு வாட தூக்கலா அடிச்சா, முழுசா உறங்க விடாம எழுப்பிட்டான்னு அர்த்தம். வெண்ணெய் வாட அடிச்சாலும் அவசரக்காரன் கைவேலைதாம். நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடன்னா பழசு. வெயிலுல வச்ச பாட்டிலு நாறும். பேரன் அந்தக் கடையில 'பச்ச ஆப்பிளு'ன்னு எழுதி அஞ்சு நட்சத்திரம் போட்டான் பாரு, அது காய்ச்சுனவன் குத்தம். கலியாணக் கொழம்புல உப்பில்லாததப் "புதுமை"ன்னு மெச்சுன மாதிரி ஆயிட்டு.

அதுனால புத்தி சொல்லுதேன், மறக்காத. வடிகட்டாதது பச்சப்பிள்ளை மாதிரி. தூரப் பயணம் தாங்காது. ஏழு கடலு தாண்டி வந்த பாட்டிலப் பரணுல ஒரு வருசம் வச்சி, பொறவு நண்பனக் கூப்புட்டுத் தொறந்து, "எப்பிடி?"ன்னு கேக்காத. காலையில எறக்குன கள்ள மறுநா எவனாவது மெச்சுவானா? காய்ச்சுத எடத்துக்குப் பக்கத்துல போயிக் குடி. எத்தன நாளாச்சுன்னு கேளு, அந்தக் கேள்விக்கு வெக்கப்படாத. ஐஸு மாதிரி ஆக்காத, நாக்கு மரத்தா என்னத்தப் பாப்பே? அர லிட்டரு அஞ்சு சதவீதச் சரக்கு, மறந்துராத. மங்கலா இருக்குங்கதால மருந்துன்னு எவனாவது சொன்னா, அவன்கிட்டேருந்து நாலு முழம் தள்ளி நில்லு. குடிச்சா நடந்து போ. இல்ல ரயிலுல போ. பனையில ஏறப்போறவனும் காரு ஓட்டப்போறவனும் கலயத்தத் தொடப்படாது. ஏறுனவன் சொல்லுதேன்.

வடிகட்டாம விடுததும் சும்மா இல்ல, பாத்துக்கோ. பூச்சு இல்லாத செவுரு கட்டுதவன் செங்கல ஒழுங்கா அடுக்கணும். சல்லடை இல்லாதவன் கை சுத்தமா இருக்கணும், பொறுமையா இருக்கணும். வாரக்கணக்கா ஒண்ணும் பேசாம ஒரு இருட்டுல காத்துக் கெடக்கணும். அந்தக் கூலிதாம்லே நியாயமான கூலி. சீட்டுல எழுதுதானே, அதுக்கு ஒரு காசு குடுக்காத.

அன்னைக்குச் சாயங்காலம் ரயிலுல பேரன் நோட்ட என்கிட்ட நீட்டுனான். "தாத்தா, நீங்களும் ஒரு வரி எழுதுங்க"ன்னான். ஒம்பது சாமான் எழுதவா? பஸ்ட் ஷோ எழுதவா? ஊன்னு ஒத்த எழுத்துப் போடவா? யோசிச்சிப் பாத்துட்டு நோட்ட மூடிக் குடுத்துட்டேன். நான் குடிச்ச சாடி அந்த மரத்தடி மேசையில காலியா நிக்கி. அதப் பாத்தா காய்ச்சுனவனுக்குத் தெரியும்.

பீர வடிகட்டாதலே, இருக்கட்டும். அந்தப் பன்னாடைய எடுத்து உன் பேச்சுக்குக் கட்டு.